ரிங் பத்தடி உயரத்தில், பிள்ளைக்கு எட்டு வயது

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எங்கள் பள்ளியில் உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் கிடையாது. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து சிமெண்ட் தளம் போட்டு, கூடைப்பந்துக் கம்பம் ஒன்று நட்டு, ஐந்து பந்துகளும் வாங்கித் தந்தார்கள். எல்லாம் பெரியவர்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து. மூன்றாம், நான்காம் வகுப்பைச் சேர்த்து 42 பிள்ளைகள். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராக ரிங்கில் போடச் சொல்கிறேன். பாதிப் பேர் எறிகிற பந்து வலையைக்கூடத் தொடுவதில்லை. நன்றாக ஆடும் நான்கைந்து பையன்கள் பந்தை யாருக்கும் தருவதில்லை. பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜனவரியில் ஆண்டு விழாவுக்கு ஒரு மேட்ச் வைக்க வேண்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். எனக்கோ கூடைப்பந்து ஆடவே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

— ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

டீச்சருக்கு வணக்கம்.

உங்களுக்கு ஆடத் தெரியாது என்பது பெரிய குறையே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய கூடைப்பந்து கொஞ்சம்தான். ஓடி வந்து விழாமல் நிற்கத் தெரிய வேண்டும், பந்தைத் தட்டிக்கொண்டு நகரத் தெரிய வேண்டும், எறியவும் பிடிக்கவும் தெரிய வேண்டும். இதற்கு நீங்கள் ஆட்டக்காரராக இருக்கத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வரிசைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பீரியட் நாற்பது நிமிடம் என்றாலும் வகுப்பிலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்து, வரிசை கட்டுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் முப்பது. ஒரு பிள்ளை எறிந்து, பந்து உருண்டோடி, யாரோ எடுத்து வந்து அடுத்த கைக்குக் கொடுக்கக் கால் நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 120 வீச்சு. 42 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றுகூட முழுதாக வராது. அதுவும் எட்டாத ரிங்கை நோக்கி. பெண் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் பேசிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

அதனால் முதலில் வரிசையைக் கலையுங்கள். அந்தப் பெரிய ரிங்கையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள்.

ரிங் ஏன் பத்தடியில் இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் வெளியே போய் விளையாட முடியாத இளைஞர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடியின் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர். (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம்மூர் பி.டி. வாத்தியார்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.) ஒரு கட்டடத்தின் கைப்பிடி உயரம் வளர்ந்த ஆண்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. அதை உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் நாலடியை ஒட்டி இருக்கும். ரிங் அதைப்போல் இரண்டரை மடங்கு. நம் உயரத்துக்குக் கணக்கிட்டால் பதின்மூன்று அடியில் மாட்டிவிட்டு நம்மைப் போடச் சொல்வது மாதிரி. பந்தும் அப்படித்தான். 7-ஆம் எண் பந்து கிட்டத்தட்ட 600 கிராம். 24 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது உடம்பில் நாற்பதில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? இடுப்புப் பக்கம் இறக்கி, உடம்பை முறுக்கி, மூச்சைப் பிடித்து வீசத்தான் முடியும். உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் வீசிக்கொண்டிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் ஆறாம் வகுப்பில் ஒரு நல்ல பயிற்சியாளர் வந்தாலும் மாற்றுவது பெரும்பாடு.

இது தெரிந்துதான் 1950-இல் அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் ஊரில் ஜே ஆர்ச்சர் என்ற ஆசிரியர் ரிங்கைத் தாழ்த்தி, பந்தைச் சிறிதாக்கிப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆட்டம் அமைத்தார். இப்போது மினி கூடைப்பந்து என்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, ரிங் 2.60 மீட்டர் உயரத்தில், பந்து 5-ஆம் எண். தலைமை ஆசிரியர் "இதென்ன, சின்னப் பிள்ளை விளையாட்டா?" என்று கேட்டால் இந்த அளவுகளைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு 2.60-கூட அதிகம். பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் கம்பிகளைக் கழற்றிவிட்டு வேப்ப மரக் கிளையிலோ ஜன்னல் கிராதியிலோ ஆறடி, ஆறரை அடி உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டிவிடுங்கள். உண்மையான ரிங்கின் விட்டம் 45 செ.மீ.; சைக்கிள் ரிம் அதைவிட அகலம். நல்லதுதான், பந்து உள்ளே விழட்டும். பந்து வாங்கப் பணம் வரும்போது 5-ஆம் எண் கேளுங்கள். மூன்றாம் வகுப்புக்கு 3-ஆம் எண் கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவரை திருவிழாக் கடையில் விற்கும் பெரிய ரப்பர் பந்து, பள்ளி அறையில் கிடக்கும் பழைய வாலிபால், த்ரோபால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தட்டினால் எழும்புகிற எதுவும் ஆகும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தோள் உயரத்திலிருந்து பந்தை விட்டுப் பாருங்கள். இடுப்பு வரை எழ வேண்டும். எழாவிட்டால் காற்றடியுங்கள். ஊசியை ஈரமாக்கிவிட்டு நுழைப்பது முக்கியம். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழிந்து, ஐந்து பந்து சீக்கிரமே மூன்றாகிவிடும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? பந்தே இல்லாமல், நிற்பதிலிருந்து.

கூடைப்பந்தில் பிள்ளைகள் விழுவதும் மோதுவதும் பெரும்பாலும் நிற்கத் தெரியாததால்தான். "டிராவலிங்" (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே அடி வைப்பது) என்று விசில் ஊதுவதும் அதனால்தான். பந்தைப் பிடித்த பிறகு உடம்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டேச்சு விளையாட்டு போதும். தளம் முழுக்க ஓடட்டும், விசில் கேட்டதும் சின்னதாகத் துள்ளி, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி, கால்கள் தோள் அகலத்தில், பின்புறம் சற்றுத் தாழ்ந்து, தலை நிமிர்ந்து. நின்ற பிறகு ஆடினால் அவுட் என்று வெளியேற்றாதீர்கள். அவுட் ஆகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, அவனைப் போய் ஓரத்தில் உட்கார வைப்பானேன்? அந்த இடத்திலேயே ஒரு முறை குதித்துவிட்டுத் தொடரட்டும். இது வந்ததும் அடுத்த படி: நின்ற இடத்தில் ஒரு காலை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு, மறுகாலை மட்டும் எடுத்து வைத்து எந்தப் பக்கமும் திரும்புவது. பைவட் என்பது இதுதான். நொண்டி ஆடிப் பழகிய பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது. பெரும்பாலான நேரத்தை இதற்குத்தான் கொடுப்பீர்கள், கொடுக்கவும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் பந்தை உள்ளங்கையால் அறைவார்கள். சத்தம் கேட்டே கண்டுபிடித்துவிடலாம், பட் பட் என்று கேட்கும். விரல்களை அகல விரித்து, விரல் நுனிகளுக்குக் கீழே உள்ள சதைப்பகுதி பந்தில் பட, மணிக்கட்டை மடக்கிக் கீழே தள்ள வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். முதல் நாள் ஒரு கையால் தட்டச் சொல்லவே வேண்டாம். இரண்டு கையாலும் கீழே போட்டு, எழும்போது இரண்டு கையாலும் பிடிக்கட்டும். அந்தத் தாளம் கைக்கு வந்ததும் ஒரு கையால் ஒரு தட்டு, பிடி. பிறகு இரண்டு தட்டு, பிடி. மூன்று தட்டு, பிடி. நின்ற இடத்தில் பத்து தட்டு தொடர்ந்து வந்த பிறகு நடக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஓடச் சொன்னால் பந்து ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

பந்து காலுக்கு நேர் முன்னால் விழக் கூடாது, பாதத்துக்குப் பக்கவாட்டில், சற்று முன்னே விழ வேண்டும். முன்னால் விழுந்தால் சொந்தக் காலிலேயே இடித்துக்கொண்டு ஓடிவிடும். உயரம் இடுப்பைத் தாண்ட வேண்டாம். இன்னொன்று, எல்லாப் பிள்ளைகளும் பந்தையே பார்த்துத் தட்டுவார்கள். "மேலே பார்" என்று கத்திப் பிரயோசனம் இல்லை, மேலே பார்க்க ஒரு காரணம் கொடுக்க வேண்டும். நீங்கள் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள். தட்டிக்கொண்டே எத்தனை என்று அவர்கள் சத்தமாகச் சொல்லட்டும். மூன்றாம் வகுப்பு என்றால் வாய்ப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இடது கையில் மூன்றைக் காட்டி வலது கையில் நான்கைக் காட்டினால் "பன்னிரண்டு" என்று குரல் வர வேண்டும். வகுப்பாசிரியையே பி.டி. எடுப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

நடந்துகொண்டு தட்ட வந்துவிட்டால் கல்லா மண்ணா ஆடுங்கள். சாக்பீஸால் தளத்தில் ஆறேழு வட்டம் போட்டு அவைதான் கல், மற்றதெல்லாம் மண். பிடிக்கிறவர் கையில் பந்து இல்லை. மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் போக வேண்டும். கல்லிலும் தட்டுவதை நிறுத்தக் கூடாது. பிடிக்க வருகிறவரைப் பார்க்க வேண்டியிருப்பதால் தலை தானாக நிமிரும். வாரம் ஒரு தடவை "இன்னிக்கு இடது கை மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அந்த நான்கைந்து கெட்டிக்காரப் பையன்கள் அன்றைக்கு மற்றவர்களோடு சமமாகிவிடுவார்கள். அவர்களுக்கும் நல்லது, பார்க்கிறவர்களுக்கும் உற்சாகம்.

42 பேருக்குப் பந்து எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுங்கள், கூட்டத்துக்கு 14 பேர். ஒரு கூட்டம் கிடைத்த பந்துகளோடு டிரிபிள், இரண்டு பேருக்கு ஒரு பந்து. ஒருவர் பத்து தட்டு தட்டும்போது இன்னொருவர் எண்ண வேண்டும். இன்னொரு கூட்டம் ஜோடி ஜோடியாக எறிந்து பிடிக்கும். மூன்றாவது கூட்டத்துக்குப் பந்து வேண்டாம், ஸ்டேச்சுவும் பைவட்டும். எட்டு நிமிடத்துக்கு ஒரு விசில், கூட்டங்கள் இடம் மாறும். முதல் இரண்டு வகுப்பு கூச்சலாகத்தான் இருக்கும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் பார்ப்பார். மூன்றாவது வகுப்பில் பிள்ளைகளே இடம் மாறிக்கொள்வார்கள்.

எறிவதைவிடப் பிடிப்பதுதான் கஷ்டம். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களிடம் 7-ஆம் எண் பந்தை வீசாதீர்கள். ரப்பர் பந்து, இரண்டு மீட்டர் தூரம், அதுவும் முதலில் தரையில் குத்தி எறிகிற பவுன்ஸ் பாஸ் மட்டும். பந்து தரையில் பட்டு எழுவதால் வேகம் குறையும், பிள்ளைக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். எறிகிறவரிடமிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பந்து தரையில் பட்டால் பிடிப்பவரின் இடுப்புக்குச் சரியாக வந்து சேரும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் நீங்கள் விளக்கவே வேண்டாம். நெஞ்சிலிருந்து நேராக எறிகிற செஸ்ட் பாஸ் பிறகு வரட்டும். எறியும்போது ஒரு கால் முன்னே போக வேண்டும், கைகள் முழுதாக நீள வேண்டும், எறிந்து முடித்ததும் கட்டைவிரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். பிடிப்பவர் பத்து விரலையும் விரித்துக் காட்டிய பிறகுதான் எறியலாம். பெயரைக் கூப்பிட்டுவிட்டு எறிய வேண்டும் என்பதையும் சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

ரிங்கில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி ஐந்து நிமிடம் சைக்கிள் ரிம்மில் போடட்டும். அதற்காகத்தான் பாதிப் பேர் ஓடி வருகிறார்கள், அதைப் பிடுங்கக் கூடாது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரம் போதும். ஒரு கை பந்துக்குப் பின்னால், மறுகை பக்கத்தில் அணையாக. முழங்காலை மடக்கி எழும்போது எறிவது. இரண்டு கையாலும் தள்ளினாலும் இப்போதைக்குத் திருத்த வேண்டாம். லே-அப் (ஓடி வந்து, எழும்பி, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவது) ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி, பந்தைத் தராத பையன்கள். திட்டிப் பார்த்திருப்பீர்கள், பலன் இருந்திருக்காது. தட்டத் தெரிந்தவன் தட்டிக்கொண்டு ஓடத்தான் செய்வான். ஆட்டத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். நைஸ்மித் எழுதிய முதல் 13 விதிகளின்படி பந்தோடு ஓடவே கூடாது, பிடித்த இடத்திலிருந்து எறிந்தாக வேண்டும். டிரிபிள் பிறகு வந்து சேர்ந்ததுதான். அந்தப் பழைய ஆட்டத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பக்கத்துக்கு நான்கு பேர். ஒவ்வோர் அணியிலும் ஒருவர் கேப்டன். எதிர்க் கோடியில் சுண்ணாம்புத் தூளால் போட்ட வட்டத்துக்குள் நிற்பார். அவர் கையில் பந்து சேர்ந்தால் ஒரு பாயிண்ட். டிரிபிள் கிடையாது. கையில் பந்தோடு இரண்டு அடிக்கு மேல் வைக்கக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பறிக்கக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் மறிக்க வேண்டும். கேப்டனுக்கு எறிவதற்கு முன் குறைந்தது மூன்று பாஸ்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. யார் எறிந்து பாயிண்ட் கிடைத்ததோ அவர்தான் அடுத்த கேப்டன். கெட்டிக்காரப் பையன் ஒரு பாயிண்ட் எடுத்தான் என்றால் பெருமையோடு வட்டத்துக்குள் போய் நின்றுவிடுவான். மிச்ச மூன்று பேர் அவனுக்குப் பந்து கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். இப்போது கத்திக் கூப்பிடுகிறவன் அவனாக இருப்பான். பெண் பிள்ளைகளைத் தனி அணியாகப் பிரிக்காதீர்கள். நான்கு பேர் மட்டும் உள்ள அணியில் ஓரமாக நிற்க யாருக்கும் இடம் இல்லை.

டிரிபிள் இல்லாததால் இதற்குச் சிமெண்ட் தளமும் தேவையில்லை, மண் தரையே போதும். எட்டெட்டுப் பேராக ஐந்து ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஐந்து பந்துக்கும் வேலை. 40 பேர் ஆடும்போது மீதி இரண்டு பேர் விசிலும் நேரமும் பார்க்கட்டும், அடுத்த சுற்றில் வேறு இருவர். கனமான பந்து முகத்தில் பட்டுவிடும் என்று பயமாக இருந்தால், சிறிய பிள்ளைகள் உள்ள ஆட்டங்களுக்கு த்ரோபாலையோ ரப்பர் பந்தையோ கொடுத்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வளையல், செயின் கழற்றி வைக்க வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா என்று திங்கட்கிழமை ஒரு பார்வை. செருப்போடு ஆட விடாதீர்கள், வழுக்கும்; வெறுங்காலே மேல். ஆனால் வெறுங்கால் என்றால் மதியச் சிமெண்டில் நிற்கக்கூட முடியாது, அதனால் பி.டி. பீரியடைக் காலை முதல் இரண்டு பீரியடுக்குள் மாற்றிக் கேளுங்கள். பந்து விரல் நுனியில் இடித்து வீங்கினால் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். விரலைப் பிடித்து இழுத்துச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். நம் ஊரில் உடனே அதைத்தான் செய்வார்கள். வீக்கம் வடியவில்லை, விரலை மடக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு ஐந்துக்கு ஐந்து மேட்ச் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பத்துப் பேர் ஆடுவார்கள், 32 பேர் கைதட்டுவார்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். நான் சொன்ன கேப்டன் ஆட்டத்தையே ஐந்தைந்து நிமிடச் சுற்றுகளாக வையுங்கள், 42 பேரும் களத்தில் இருப்பார்கள். தலைமை ஆசிரியர் கட்டாயம் ரிங்கில் போடுவது இருக்க வேண்டும் என்றால், கடைசியில் நான்காம் வகுப்புக்கு மட்டும் மூன்றுக்கு மூன்று ஓர் ஆட்டம், சைக்கிள் ரிம்மில், டிரிபிளும் சேர்த்து. விதிகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஓர் அடி கூடுதலாக வைத்தால் விசில் வேண்டாம், இரண்டு கையால் தட்டினால் மட்டும் நிறுத்துங்கள். ஸ்கோர் எழுத ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைப் போட்டுவிடுங்கள். ரிம்மை முதல் நாளே இழுத்துப் பார்த்து இறுக்கிக் கட்டிவிடுங்கள், யாராவது ஒருவன் கட்டாயம் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பான்.